மருதாயி மாமியோட சவுரி

மொதல்லயே சொல்லிடுறேன், எனக்குக் கோவம் மூக்கு நுனியிலதான் இருக்கும். "இவ வயித்துல இருக்கையில நான் காரக் கொச்சிக்காயாத் தின்னேன், அதான் இப்புடி"ன்னு எங்கம்மா இன்னமும் சொல்லும். அதனால நடுவுல நான் யாரையாவது ஏசுனா கண்டுக்காதீங்க.

என் பேரு ஷாமிளா. தெரணியகலைக்கு மேல, ரப்பரும் தேயிலையும் கலந்து கெடக்குற தோட்டத்துல பிள்ளைக் காம்பராவுல வேல. அம்மாமாரு கொழுந்தெடுக்க மலைக்குப் போனா அவங்க பிள்ளைங்கள நாந்தான் பாத்துக்குவேன். சளி, பேன், நகத்து அழுக்கு, இதுங்களோட எனக்கு நித்தம் சண்ட. பேனுக்குப் பயந்தே என் முடியத் தோளோட வெட்டி வச்சிருந்தேன். வந்த வம்பெல்லாம் அந்தக் குட்ட முடியாலதான்.

எங்க தோட்டத்துல கல்யாணப் பொண்ணுன்னா சடை இடுப்புக்குக் கீழ தொங்கணும். முடி பத்தாதவங்க சவுரி வச்சுப் பின்னிக்குவாங்க. டவுன் சலூன்ல வாடகைக்குச் சவுரி கெடைக்கும். ஆனா எங்காளுங்களுக்கு அது "செத்த நூலு." மருதாயி மாமி வீட்டுல ஒண்ணு இருக்கே, அதுதான் வேணும். அசல் முடி, மாமியோட சொந்த முடி. வயசுப்புள்ளையா இருக்கையில வெட்டுனதாம். ஏன் வெட்டுச்சுன்னு யாரும் கேட்டதில்ல. பிஸ்கட் டின்னுக்குள்ள மஞ்சத்துண்டும் கற்பூரமும் போட்டு, சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கும். ராசியான சவுரி. அதக் கட்டுன பொண்ணு எவளும் வாழாவெட்டியாத் திரும்பி வந்ததில்லையாம். புருசன்மாரு குடிக்கிறாங்களேன்னு கேட்டா, அது சவுரியோட பொறுப்பு இல்லையாம்.

ஒண்ணே ஒண்ணுதான். அதக் கட்டுன பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்ச கையோட பின்கழுத்துல, முடி தொடங்குற எடத்துல, கட்டி வரும். சீழ் கோத்துக்கிட்டு விண்ணுவிண்ணுன்னு தெறிக்கும். அதுக்குப் பேரு கண்ணூறுக் கட்டி. கல்லடி பட்டாலும் படலாம் கண்ணடி படக்கூடாதுன்னு வாய்தான் சொல்லும், உள்ளுக்குள்ள எல்லாருக்கும் பெரும தாங்காது. கட்டி பெருசுன்னா ஊர்க்கண்ணு அத்தன பட்டிருக்குன்னு அர்த்தம். மலையில கொழுந்தெடுக்கையில பேசுற பேச்சக் கேக்கணும்.

"என் கட்டி நெல்லிக்கா அளவு."

"போடி, எனக்கு மூணு வாய் வச்சிச்சு. தலய திருப்ப முடியல."

சலூன் சவுரி வச்சுக் கல்யாணம் முடிச்ச ஒருத்திக்குக் கட்டியே வரல. "அவள யாரு பாத்தா"ன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாளுங்க.

இப்ப நான் கட்டிக்கப் போறது யாரன்னு நெனைக்கிறீங்க? அதே மருதாயி மாமி மகன் பிரதீபனத்தான். டவுன்ல த்ரீவீல் ஓட்டுறாரு. நாங்க விரும்பித்தான் முடிக்கிறோம். ரெண்டு வீட்டுலயும் சம்மதம், கோயில்ல நாளும் குறிச்சாச்சு. மாமா ராமச்சந்திரன் தோட்டத்துல வாச்சர், வாயத் தொறந்தா மழ வரும்னு சொல்ற அளவுக்குப் பேசாத மனுசன். அவருகிட்ட வம்பே இல்ல. மாமியும் என்கிட்டப் பிரியமாத்தான் இருந்துச்சு, நான் வாயத் தொறக்குற வரைக்கும்.

கடைசியா அந்தச் சவுரிய வச்சது என் கூட்டாளி விஜயகலா. அவளுக்கு வந்த கட்டி ஆறும், திரும்ப வரும். ஒருநாள் காலையில கழுத்த ஒரு பக்கம் சாச்சுக்கிட்டு பிள்ளைக் காம்பரா வாசல்ல வந்து நிக்கிறா. தொட்டுப் பாத்தேன், உடம்பு நெருப்பாக் கொதிக்குது.

"இது என்னடி கூத்து, ஆஸ்பத்திரிக்குப் போகலியா?"

"கண்ணூறுக்கு யாரும் மருந்து குடிப்பாங்களா? மூணு தடவ சுத்திப் போட்டாச்சு."

எனக்கு வந்துச்சே கோவம். "சுத்திப் போட்டது போதும், ஏறுடி வண்டியில"ன்னு பிரதீபனுக்குப் போன்ல கோல் எடுத்து வரவச்சு, கொண்டு போயிட்டேன்.

டொக்டர் அம்ரான்னு ஒரு மிஸ் இருந்தாங்க. கட்டியக் கீறி சீழ் எடுத்து, அதுல கொஞ்சத்த டெஸ்டுக்கு அனுப்பிட்டு, குளிசை குடுத்தாங்க. "காய்ச்சலோட வார கட்டிய இப்புடி வச்சிட்டு இருக்கவே கூடாது. ரத்தத்துல கலந்தா உசுருக்கே ஆபத்து"ன்னாங்க. விஜயகலா மொகம் வெளுத்துப் போச்சு.

ரிசல்ட் வந்த அன்னைக்கும் நாந்தான் கூடப் போனேன். "ஒரு வகை பாக்டீரியா கிருமி. தலையில என்ன கட்டினீங்க?"ன்னு டொக்டர் கேட்டாங்க. விஜயகலா சவுரிக் கதையப் பூராவும் பெருமையாச் சொன்னா. டொக்டர் சிரிக்கல, அதுவரைக்கும் நல்லது.

"பாருங்க, இந்தக் கிருமி எங்கயோ இருந்து வந்த கள்ளன் இல்ல. நம்ம எல்லாருடைய தோல்லயும், முடியிலயும், மூக்குக்குள்ளயும் கிருமிகள் குடியிருக்கு. என் தலையிலயும் இருக்கு. இப்ப குளிச்சிட்டு வந்தாலும் இருக்கும். முக்காவாசி நேரம் சும்மாதான் கெடக்கும், சிலது நமக்கு நல்லதும் செய்யும். ஆனா வேர்வை, ஈரம், நாள்பட்ட எண்ணெ, இறுக்கிப் பின்னுன சடை, கொண்ட ஊசி கீறுன கீறல், இவ்வளவும் ஒண்ணாச் சேந்தா முடி வேருக்குள்ள எறங்கிரும். அங்கதான் சீழ் புடிக்கிது. ஒருத்தர் புண்ணுல இருக்குறது கழுவாத முடியோட அடுத்தவர் தலைக்கும் போகும். அந்தச் சவுரியக் கடைசியா எப்பக் கழுவினது?"

"கழுவுறதா? கழுவுனா ராசி போயிருமே!"ன்னா விஜயகலா.

டொக்டர் பேனையக் கீழ வச்சிட்டாங்க. "கல்யாணத்துக்குக் கல்யாணம் மட்டுந்தான் கட்டுவீங்களா? இடையில யாரும் கட்டுறதில்லையா? டின்னுக்குள்ள சும்மா கெடந்தா இந்தக் கிருமி இப்புடித் தொடர்ந்து வாரது எனக்கு யோசனையா இருக்கு."

"யாரும் தொடக்கூட மாட்டாங்க மிஸ்"னு நான் அடிச்சுச் சொன்னேன்.

அன்னைக்கே நேரா மாமி வீட்டுக்குப் போனேன். நல்லபடியாப் பேசணும்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டுத்தான் போனேன், சத்தியமா. மாமி மலையில இருந்து வந்து அடுப்படியில ரொட்டி தட்டிக்கிட்டு இருந்துச்சு. தலத்துண்டு கட்டுனபடியே இருந்துச்சு. மாமி வீட்டுக்குள்ளயும் தலத்துண்ட அவுக்காது, அது அதோட பழக்கம்.

"மாமி, ஒங்க சவுரியில கிருமி இருக்கு"ன்னேன். இப்புடியா ஆரம்பிப்பா ஒருத்தி? நாக்குல சனி.

மாமி கையில ரொட்டி மாவோட திரும்புச்சு. "என்ன இருக்கு?"

"கிருமி. அதாலதான் எல்லாருக்கும் கட்டி வருது. கண்ணூறும் இல்ல ஒரு மண்ணும் இல்ல. டொக்டரே சொல்லிட்டாங்க. கழுவிக் குடுங்க, இல்லாட்டி நான் வைக்கமாட்டேன்."

"என் முடி அழுக்குன்னு சொல்ல வந்தியா? இந்தத் தோட்டத்துல எத்தன பொண்ணுங்க வச்சு நல்லா வாழ்ந்த முடி! தண்ணியில முக்க விடுவேன்னு நெனைச்சியா?"

"எல்லார் முடியிலயும் இருக்காம் மாமி, டொக்டர் முடியிலயும்..."

"நிப்பாட்டு. சவுரி ஏறாத தலைக்கு என் வீட்டுத் தாலி ஏறாது."

நானாவது அந்த எடத்துல நிப்பாட்டியிருக்கணும்.

"அப்ப ஒங்க மகனச் சவுரிக்கே தாலி கட்டச் சொல்லுங்க!"

சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். லயத்து வீட்டு வரிச முக்கு திரும்புற வரைக்கும் வீராப்பாத்தான் நடந்தேன். அப்புறம் ஒரு ரப்பர் மரத்தப் புடிச்சுக்கிட்டு அழுதேன் பாருங்க, அப்புடி ஒரு அழுக. எனக்கு பிரதீபன் வேணும். அந்த வீட்டுக்கு மருமகளாப் போகணும். ஆனா விஜயகலா கழுத்துல அந்த ஓட்டையப் பாத்துட்டு அந்த முடியத் தலையில வைக்க என்னால முடியாது. நாளோ நெருங்கிக்கிட்டே வருது.

பிரதீபன்கிட்டச் சொன்னா சிரிக்கிறாரு. "ஹரி, ஹரி"ன்னு சிங்களத்துல சரி சொன்னாரு. "அம்மா மலைக்குப் போன நேரம் டின்னத் தூக்கிட்டு வாறேன். கழுவிக் காயவச்சு பழைய எடத்துலயே வச்சிருவோம். தெரியவா போகுது?"

"மாட்டிக்கிட்டா?"

"மாட்டிக்கிட்டா ரெண்டு பேரும் கதிர்காமத்துக்கு ஓடிருவோம்."

எனக்குக் கோவம் வந்தா 'நீங்க' போயி 'நீ' வந்துரும். "நீ ஓடு, நான் எதுக்கு ஓடணும்?"ன்னேன். ஆனாலும் சரின்னுட்டேன். வேற வழி?

அடுத்தநாள் பகல், பிள்ளைங்க சாப்புட்டுத் தூங்குற நேரம் டின்னக் கொண்டாந்தாரு. தொறந்தா ஒரு வாட பாருங்க! சிக்கு எண்ணெயும் கற்பூரமும் வேர்வையுமா, எத்தன கல்யாணத்து வேர்வையோ. பேசின்ல இளஞ்சூட்டுத் தண்ணி ஊத்தி, ஷாம்பு பாக்கெட்டப் பல்லால கடிச்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல சத்தம்.

"தொடாதடீ!"

மாமி. கொழுந்த எடை போட்டுட்டு வீட்டுக்கு வந்திருக்கு, டின்னக் காணல. மழையில இடுப்புல கட்டுன படங்குத் துணி படபடன்னு அடிச்சுக்க ஓடி வந்து, என் கையில இருந்த சவுரியப் புடிச்சு இழுக்குது. நானும் விடல. நான் ஒரு பக்கம், மாமி ஒரு பக்கம், நடுவுல பிரதீபன் "அம்மே, அம்மே"ன்னு சிங்களத்துல கத்துறாரு. பதறிப் போனா அவருக்குச் சிங்களந்தான் வரும். பிள்ளைங்க முழிச்சு வீல்னு அழ ஆரம்பிச்சுருச்சுங்க. அந்த இழுபறியில மாமி தலத்துண்டு அவுந்து விழுந்துச்சு.

அப்பத்தான் பாத்தேன். மாமி தலையில முடி அங்கொண்ணும் இங்கொண்ணுமா, நெத்தி மேட்டுல இருந்து பிடரி வரைக்கும் தோல் தெரியுது. பின்கழுத்துல புண்ணு. ஒண்ணு காஞ்சு, ஒண்ணு பழுத்து, ஒண்ணுல துண்டோட நூலு ஒட்டிக்கிட்டு இருக்கு.

சவுரிய விட்டுட்டேன். கோவம் எங்க போச்சுன்னே தெரியல.

"மாமி... இது எத்தன நாளா?"

மாமி துண்டத் தேடுது. பிரதீபன் எடுத்துக் குடுக்கல, அவரும் அப்பத்தான் பாக்குறாரு. பெத்த பிள்ளைக்கே தெரியாம வச்சிருந்திருக்கு.

"டொக்டர் கேட்டாங்க மாமி, இடையில யாரும் கட்டுறாங்களான்னு. நீங்கதானா?"

மாமி சவுரிய நெஞ்சோட அணைச்சுக்கிட்டு பெஞ்சுல ஒக்காந்துச்சு. அப்புறம் சொல்லுச்சு.

"பத்தொம்பது வயசுல எனக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில கெடந்தேன். முடி சிக்காகிப் போச்சுன்னு அங்கயே ஒட்ட வெட்டிட்டாங்க. வெட்டுனத தலகாணி ஒறையில போட்டுக் கொண்டாந்தேன். திரும்ப வளரும்னாங்க, வளரல. என் கல்யாணத்துல சவுரி முடியக்கூட தலையில முடியில்ல. சீலயால முக்காடு போட்டு ஒக்காந்திருந்தேன். ஒங்க மாமா ஒருவார்த்த சொல்லல. பாவம்னு பாத்துக் கட்டிக்கிட்டாருன்னுதான் நெனைச்சேன், இப்பயும் அப்புடித்தான்."

"அதுக்கப்புறம்?"

"ஞாயித்துக்கெழம இவன் வண்டியோட ஹயருக்குப் போவான், அவரு காவலுக்குப் போவாரு. கதவச் சாத்திட்டு, துணி நாடாவால தலையில கட்டிக் கண்ணாடியில பாப்பேன். அவ்வளவுதான். கழுவுனா கொட்டிரும்னு பயம்டி. ராசி கீசி எல்லாம் நானாச் சொன்னது. இதும் போச்சுன்னா எனக்கு இப்புடி ஒரு முடி இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

நான் பக்கத்துல போய் ஒக்காந்தேன். ஆனா என் வாய் சும்மா இருக்குமா?

"அப்ப கதவச் சாத்திட்டுத்தானே கட்டுனீங்க? ஒருத்தரும் பாக்கல. பொறகு யாரு கண்ணு பட்டுக் கட்டி வந்துச்சு?"

மாமி என்னையே பாத்துச்சு. யோசிச்சுச்சு. அப்புறம் மெதுவாச் சொல்லுச்சு, "என் கண்ணுதான்."

சொல்லிட்டு அதுவே சிரிச்சிருச்சு. நானும் சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் அழுதோம். அழுதுக்கிட்டு இருந்த பிள்ளைங்க நாங்க அழுறதப் பாத்து வாயடச்சுப் போச்சுங்க.

அதுக்கப்புறம் மாமியே சவுரிய நீட்டுச்சு. "பாத்துடி"ன்னு மட்டும் சொல்லுச்சு. மேல் கட்டு அவுந்துராம நான் முதல்ல நூலால சுத்திச் சுத்தி இறுக்கிக் கட்டினேன். பிரதீபன் அடியப் புடிச்சுக்கிட்டாரு. முதல் தண்ணி கறுப்பா வந்துச்சு, அடுத்தது சாயத்தண்ணி மாதிரி. ஒவ்வொரு தடவ அலசையிலயும் மாமி கண்ண மூடிக்கிச்சு. உதுந்தது ஏதோ நாலஞ்சு முடிதான். தண்ணி தெளியத் தெளிய முடியோட நெறமும் மாறுது. எண்ணெ ஏறி மங்கிப் போயிருந்தது இப்ப பளபளன்னு செம்பு கலந்த கறுப்பா மின்னுது.

"இதுதான்டி. இதுதான் அசல் நெறம்"னு மாமி அதத் தொட்டுத் தொட்டுப் பாத்துச்சு.

காயவைக்கிறதுதான் பெரும்பாடு. ஈரத்தோட டின்னுல போட்டா பழைய குருடி கதவத் தெறடின்னு ஆயிரும். எங்க ஊர்ல வெயில எங்க போய்த் தேடுறது? பிரதீபன் அத த்ரீவீலுக்குள்ள பின் கண்ணாடிகிட்டத் தொங்கவிட்டு, காத்துல காயட்டும்னு டவுனுக்கும் தோட்டத்துக்குமா ஓட்டுனாரு. சாமான் வாங்கிட்டு ஏறுன ஒரு சிங்கள அம்மா, பின்னால முழங்கால் நீளத்துக்கு முடி ஆடுறதப் பாத்துட்டு "அனே தெய்யனே!"ன்னு பாதி வழியில குதிச்சிருச்சாம். காசு வேற குடுக்கல.

மாமிய டொக்டர் அம்ராகிட்டக் கூட்டிட்டுப் போனோம். மருந்தும் குடுத்து ஏச்சும் குடுத்தாங்க. "புண்ணு முழுக்க ஆறுற வரைக்கும் எதையும் கட்டக்கூடாது. தலத்துண்ட தெனம் தொவைங்க, காத்துப் படவிடுங்க. சீப்பு, துண்டு, சவுரி, இதெல்லாம் ஒரு தலைக்கு ஒண்ணு. இனிமே யாருக்கும் இரவல் குடுக்க வேணாம்." மாமி தலயாட்டுச்சு. கல்யாணத்துக்கு முன்னாலயே புண்ணு சுத்தமா ஆறுனத டொக்டரே பாத்துச் சரின்னு சொன்னாங்க.

கல்யாண நாள் காலையில மாமி எங்க வீட்டுக்கு வருது, கையில அதே டின்னு. "இப்ப சுத்தமாத்தானே இருக்கு. நீ மட்டும் கட்டிக்க. நான் வேணும்னே குடுக்குறேன்."

மனசாரத்தான் குடுத்துச்சு. கண்ணப் பாத்தாலே தெரிஞ்சுச்சு.

"டொக்டர் என்ன சொன்னாங்க மாமி? ஒரு தலைக்கு ஒண்ணு. இது எந்தத் தலையோட முடி?"

"அதுக்கு?"

"சவுரி ஏறாத தலைக்குத் தாலி ஏறாதுன்னு சொன்னீங்கள்ல? ஏத்திருவோம். ஒக்காருங்க."

மாமி மாட்டேன்னுச்சு, ஊர் சிரிக்கும்னுச்சு, வயசுக்கு அடுக்குமான்னுச்சு. நான் தோளப் புடிச்சு அமுக்கி ஒக்கார வச்சேன். கல்யாணப் பொண்ணு நான் முழங்கால் போட்டு நின்னு மாமியாளுக்குச் சடை பின்னுறேன், எங்கம்மா தலையில அடிச்சுக்கிச்சு. இருக்குற முடியில இழுக்காம, மெல்லிசு துணி நாடா வச்சு, தளர்வாக் கட்டி, ஒரு ஊசி கூடக் குத்தாம, நீளமாப் பின்னி மல்லியப்பூ சுத்திவிட்டேன். எனக்கு என் குட்ட முடியே போதும்னு அதுலயே நெறையப் பூ வச்சுக்கிட்டேன்.

கோயிலுக்குள்ள மாமி நடந்து வருது. பச்சச் சீல, முதுகுல அந்தச் சடை. மேளகாரன் கூட ஒரு தட்டு தவறிட்டான். மலையில ஒண்ணா கொழுந்தெடுக்குற பொம்பளைங்கெல்லாம் வாயில கைய வச்சுக்கிட்டாளுங்க. ராமச்சந்திரன் மாமா மாலத் தட்டோட நின்னவரு, அப்புடியே நிக்கிறாரு. ஐயரு ரெண்டு தடவ கூப்புட்டும் காதுல விழல.

மாமி தலகுனிஞ்சு பக்கத்துல போச்சு. "என்னங்க அப்புடிப் பாக்குறீங்க? கிழவிக்குக் கோமாளி வேசம் போட்டு விட்டுட்டா ஒங்க மருமக."

வாயத் தொறந்தா மழ வரும்னு சொல்ற மனுசன் வாயத் தொறந்தாரு.

"இந்தச் சடையப் பாத்துட்டுத்தான் மருதாயி நான் பொண்ணு கேட்டேன். காலையில பேர் பதியுற பெரட்டுக்களத்துல நீ நின்ன. அப்புறம் சடை காய்ச்சல்ல போயிருச்சுன்னாங்க. காய்ச்சல் உன்னயாவது விட்டுச்சேன்னு சாமியக் கும்புட்டுக்கிட்டேன். சடையப் பத்திப் பேசுனா நீ வருத்தப்படுவேன்னு இத்தன வருசமாப் பேசல."

மாமி அங்கயே ஒக்காந்து அழுதுருச்சு. பிரதீபன் என் கழுத்துல தாலி கட்டுனப்ப பாதிப் பேரு எங்களப் பாக்கவே இல்ல, தெரியுமா? எனக்குக் கோவம் வந்திருக்கணும். வரல.

கல்யாணம் முடிஞ்ச அடுத்த கெழம விஜயகலா வீட்டுக்கு வந்தா. வந்ததும் வராததுமா என் முடியத் தூக்கிப் பின்கழுத்தத் தடவிப் பாக்குறா.

"ஒரு பொட்டு கூட இல்லையேடி. அய்யோ பாவம், உன்ன யாருமே பாக்கலியா?"

"எங்கடி பாத்தாங்க? அவ்வளவு பேரும் எங்க மாமியாளத்தான் பாத்தாங்க."

அவ ஓடிப்போய் அடுப்படியில நின்ன மாமி கழுத்தயும் பாத்தா. மாமி தலத்துண்டு இல்லாம, காத்தாட ரொட்டி தட்டிக்கிட்டு இருந்துச்சு. அத்தன ஊர்க்கண்ணு பட்ட அந்தக் கழுத்துல ஒரு வேர்க்குரு கூட இல்ல.